மாஸ் எஃபெக்ட் 3 எண்டிங்: நாம பண்ணுன சாய்ஸுக்கெல்லாம் என்னதானுங் மதிப்பு? (முழு ஸ்பாய்லர், ஆடாதவங்க படிக்காதீங்)

நொய்யக்கரை, திருப்பூர்

எல்லாத்துக்கும் வணக்கமுங். நேத்து ரவைக்கு ரெண்டு மணிக்கு மாஸ் எஃபெக்ட் 3 முடிச்சனுங், லெஜண்டரி எடிஷன்ல மூணு கேமையும் வரிசையா ஆடுனேன், பனியன் கம்பெனி வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வந்து சித்த நேரம் சித்த நேரமா ஆடி நாலு மாசம் ஆயிருச்சு. முடிச்சதுல இருந்து ஒரே வெசனமா இருக்குது, அதான் கேக்கறேன்.

நாம ஆடறது ஷெப்பர்டுங்கற வீரன், உசுருகளையெல்லாம் அழிக்க வர்ற ரீப்பர்ங்கற ராட்சச எந்திரங்கள எதுத்து நிக்கறதுதான் கதை. முதல் கேம்ல விர்மயர்ங்கற கிரகத்துல கூட வர்ற ஆஷ்லியா கைடனான்னு ஒருத்தர சாவ விட்டுட்டுத்தான் வரணும். அதே எடத்துல நம்ம கூட்டத்துல இருக்கற க்ரோகன் இனத்து ரெக்ஸ் துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கறப்ப பேசி அடக்கறமா சுட்டுப்போடறமாங்கறதும் நம்ம கையிலதான். ரெண்டாவதுல கடைசி மிஷனுக்கு யார எந்த வேலைக்கு அனுப்பறோம்னு பாத்துப் பண்ணலீனா கூட்டமே செத்துப்போவும், ஷெப்பர்டே சாவலாம். இத்தனையும் நம்மள யோசிக்க வெச்சுப்போட்டு கடைசில ஒரு சின்னப் பையன் உருவம் வந்து நின்னு ரீப்பர்கள நிறுத்த மூணு வழி காட்டுது. செவப்பு டெஸ்ட்ராய் (அழிக்கறது), நீலம் கண்ட்ரோல் (நம்ம கட்டுப்பாட்டுல வெக்கறது), பச்சை சிந்தசிஸ் (உசுரையும் எந்திரத்தையும் ஒண்ணாக் கலக்கறது). நான் ரெக்ஸைக் காப்பாத்துனது, கெத்துங்கற எந்திர இனத்துக்கும் அதப் படைச்ச குவாரியன் இனத்துக்கும் சமாதானம் பண்ணி வெச்சது, எதையும் அந்த எடத்துல யாரும் கேக்கலீங். எல்லாம் வார் அசெட்ஸ்னு படைபலத்தக் காட்டற ஒரு நம்பராப் போச்சு.

நான் டெஸ்ட்ராய்தான் எடுத்தேன். அத எடுத்தா கெத்து பூராவும் சாவும், நம்ம கப்பலோட செயற்கை அறிவான ஈடியும் சாவும். நாலு நாளைக்கு முன்னாடிதான் ரன்னோக் கிரகத்துல லீஜன்ங்கற கெத்து தன்ற உசுரக் குடுத்து கெத்துக்கு உசுரு வாங்கிக் குடுத்துச்சு, அதுவரைக்கும் நாங்க நாங்கன்னே பேசிட்டு இருந்தது சாவறப்பதான் நான்னு சொல்லுச்சு. அதுக என்னை நம்பி வந்துச்சுக, நானே அழிச்சுப்போட்டேன். இப்படித்தான் முடியும்னா அத்தன சாய்ஸ் எதுக்குங்?

சோமனூரான்

தம்பி, நான் இத 2012 மார்ச்சுல வந்த ஒடனே ஆடுனவன். அப்ப இப்ப நீ பாத்த அளவுக்குக்கூட எண்டிங் கெடையாது, எந்த வழில போனாலும் கிட்டத்தட்ட ஒரே வீடியோ, கலர் மட்டும் மாறும், கூட இருந்தவங்க என்ன ஆனாங்கன்னே சொல்லாம முடிச்சுட்டாங்க. அதோட அப்ப மல்டிபிளேயர் ஆடலீன்னா கேலக்டிக் ரெடினஸ்ங்கற தயார்நிலை அளவு பாதியிலேயே நின்னுச்சு, அந்த வார் அசெட்ஸ் மதிப்பும் பாதியாச்சு, அது வேற எரிச்சல். ஆடுனவங்க சும்மா திட்டிட்டு இருக்கல, ரீடேக் மாஸ் எஃபெக்ட்னு ஒண்ணா சேந்து சைல்ட்ஸ் ப்ளே அறக்கட்டளைக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல வசூல் பண்ணிக் குடுத்தாங்க. இந்த கேமப் பண்ணுன பயோவேர் ஆபீஸுக்கு 400 கப்கேக் அனுப்புனாங்க, மேல செவப்பு நீலம் பச்சைன்னு மூணு கலர், உள்ள எல்லாம் ஒரே ருசி. அதப் படிச்சப்ப இதுதான் நாஞ் சொல்ல நெனச்சதுன்னு பட்டுச்சு.

ஜூன்ல எக்ஸ்டெண்டட் கட்னு எண்டிங்க நீட்டிக் காசில்லாம விட்டாங்க, லெஜண்டரில அது உள்ளயே வருது. அதுல நாலாவதா ஒண்ணு சேத்தாங்க, மூணும் வேண்டாம்னு மறுக்கறது. மறுத்தா நாம எல்லாரும் தோத்துருவோம், நம்ம கூட்டத்து லியாரா பொதைச்சு வெச்ச தகவலை வெச்சு, நம்மள ரீப்பர் அழிச்சதுக்கப்பறம் அடுத்த சைக்கிள்ல வர்றவங்க ஜெயிப்பாங்க. என்ற கணக்குல அதுதான் உண்மையான சாய்ஸ், ஏன்னா அதுக்கு என்ன வெலைன்னு மறைக்காம காட்டறாங்க.

கணினிக்காரி, ஈரோடு

நொய்யக்கரை தம்பி, நான் கேம் பண்றவ இல்ல, ஆனா கோடு எழுதறதுதான் பொழப்பு, அந்தப் பக்கம் இருந்து ஒண்ணு சொல்றேன். ரெண்டு ரெண்டு வழி இருக்கற சாய்ஸ் பத்து வெச்சா 1024 கதை ஆவுது. ஒவ்வொண்ணுக்கும் வசனம் எழுதி குரல் குடுத்து அனிமேஷன் பண்ணி டெஸ்ட்டும் பண்ணணும், எந்தக் கம்பெனிக்கும் ஆவற காரியம் இல்ல. அதனால வழியப் பிரிச்சு விட்டுட்டு கொஞ்ச தூரத்துல மறுபடி ஒண்ணாக் கொண்டாந்து சேத்துருவாங்க. பிரிஞ்ச ஞாபகத்த மட்டும் ஒரு ஃப்ளாக்ல, அதாவது எந்த வழி எடுத்தீங்கங்கற ஒரு சின்னக் குறிப்புல வெச்சுக்குவாங்க.

அந்த ஃப்ளாக்க எங்க எடுத்து வெளிய விடறாங்கங்கறதுதான் தொழில். டுச்சாங்காங்கற க்ரோகன் கிரகத்துல மார்டின்ங்கற விஞ்ஞானி, க்ரோகனுக்குக் கொழந்தை தங்காம பண்ற நோய்க்கு மருந்து விட கோபுரத்துக்கு மேல போயி சாவறாரு பாத்தீங்களா, அவரப் பொழைக்க வெக்க ஒரு வழி இருக்குது. முதல் கேம்ல ரெக்ஸ் செத்திருக்கணும், ரெண்டாவதுல மார்டினோட பழைய மாணவன் மேலன் அந்த மருந்துக்காக எடுத்து வெச்ச ஆராய்ச்சித் தகவல நீங்க அழிச்சிருக்கணும், அப்பத்தான் மூணாவதுல ஈவ்ங்கற க்ரோகன் பொம்பள பொழைக்க மாட்டா. அப்ப மார்டின்கிட்ட இந்த மருந்து வேண்டாம், க்ரோகன் பொறுப்பா இருக்க மாட்டாங்கன்னு பேசித் திருப்பலாம், அவரு உசுரோட கெளம்பிருவாரு. 2007ல வந்த கேம்ல ஒருத்தன சுட்டதுக்கு 2012ல ஒருத்தர் பொழைக்கறாரு. இதுக்கு மேல சாய்ஸுக்கு என்ன மதிப்பு வேணும்? என்ற மனசுல மூணாவது கேம் முழுசுமே எண்டிங்தான், நீங்க கடைசிப் பத்து நிமிஷத்த மட்டும் எடுத்து வெச்சுட்டு வெசனப்படறீங்க.

ஆழியாறு

அக்கா, டுச்சாங்கா பத்தி நீங்க சொல்றது நூத்துக்கு நூறு செரி. ஆனா 1024 கணக்கு சொல்லி கடைசிய விட்டுக்குடுக்க முடியாதுங். ஃபால்அவுட் நியூ வேகாஸ்னு ஒரு கேம் 2010ல வந்துச்சு, அப்சிடியன் கம்பெனி அத ஒண்ணரை வருசத்துலதான் பண்ணுனாங்க. கடைசில பெரிய அனிமேஷன் ஒண்ணுமில்ல, படம் வரும், பின்னாடி ஒரு குரல் பேசும், நீ போன ஊரு ஒவ்வொண்ணும் என்ன ஆச்சு கூட வந்தவன் என்ன ஆனான்னு சொல்லும். மனசு நெறைஞ்சுரும். ஆடுனவன் கேக்கறது அவ்வளவுதான், நான் பண்ணுனது உனக்கு ஞாபகம் இருக்குதான்னு.

இன்னொண்ணு, எண்டிங் எத்தனைங்கறது முக்கியமே இல்ல. நியர் ஆட்டோமேட்டாங்கற கேம்ல 26 எண்டிங், நெறைய சும்மா ரெண்டு வரி எழுத்துதான். அந்த ஈ எண்டிங் மட்டும் என்னைப் போட்டு ஆட்டிருச்சு. கிரெடிட்ஸ் ஓடறப்பவே சண்டை, தனியா ஜெயிக்கறது ரொம்பச் செரமம், திரும்பத் திரும்ப சாவறப்ப வேற யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க ஒதவிக்கு வருவாங்க. முடிஞ்சதும் கேக்கும், உன்ற சேவ் பூராத்தையும் அழிச்சு வேற ஒருத்தனுக்கு இதே மாதிரி ஒதவறயான்னு. நான் ஒரு மணி நேரம் கன்ட்ரோலர கையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் செரின்னு குடுத்தேன், எல்லாம் போச்சு.

நொய்யக்கரை அண்ணா, மத்த ரெண்டு எண்டிங்க யூடியூப்ல பாத்துட்டீங்களா?

நொய்யக்கரை, திருப்பூர்

பாக்கலைங் தம்பி. கடைசி சேவ் அப்படியேதான் இருக்குது, லோடு பண்ணி பச்சைய எடுத்தா கெத்து பொழைச்சுக்கும், தெரியும். ஆனா சாய்ஸுக்கு மதிப்பு என்னன்னு கேட்டுட்டு நானே அதத் திருப்பிப் போட்டா செரியில்லைன்னு படுது. சோமனூர் அண்ணா சொன்ன மறுக்கற வழியும் அப்ப எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பனான்னு சொல்ல முடியல. ஈரோட்டு அக்கா சொன்ன மார்டின் விசயந்தான் தூக்கிப்போட்டுருச்சு. அவரு சாவறப்ப அழுதுட்டேன், அதுக்குக் காரணம் நான் ரெக்ஸைக் காப்பாத்துனதுன்னு இப்பத்தான் தெரியுது. இருந்தாலும் ரெக்ஸை விட்டுக்குடுக்க மனசு வராதுங்.

கடைசி பத்து நிமிஷத்துக்கு ஆழியாறு தம்பி சொல்ற பக்கந்தான் நானு.

ஞாயித்துக்கெழமை என்ற தங்கச்சிய உக்கார வெச்சு முதல் கேம்ல இருந்து ஆரம்பிச்சிருக்கோம், அவதான் ஆடறா, நான் பக்கத்துல வாயே தொறக்கறதில்ல. நேத்து பொழுதோட விர்மயர் வந்துச்சு. ரெக்ஸ் துப்பாக்கியத் தூக்குன ஒடனே ஒரு செகண்டுகூட யோசிக்காம சுட்டுப்போட்டா. நான் ஒண்ணுஞ் சொல்லலீங். மேலன் தகவல என்ன பண்ணப்போறான்னு ரெண்டாவது கேம்ல பாக்கணும்.