குளிர்காலம் முழுக்க பழைய மோரிஸ் மைனரை நிறுத்தி வைக்கணும், என்னெல்லாம் பண்ணணும்?

ரெண்டாவது கியர்:
வணக்கம் மக்களே. எங்கிட்ட 1964 மோரிஸ் மைனர் கார் ஒண்ணு இருக்கு, 1098 சிசி, இந்த வருஷந்தான் கைக்கு வந்துச்சு, நான் இதோட பாக்கப்போற முதல் குளிர்காலம். இங்க மைனஸ் 20 எல்லாம் சர்வசாதாரணம், ரோடு பூரா உப்பைக் கொட்டிடுவாங்க, அதனால ஒரு அஞ்சு மாசம் வெளிய எடுக்கறதா இல்ல. ஷெட் இருக்கு, கதவு உண்டு, ஹீட்டர் கிடையாது, தரை வெறும் கான்கிரீட். என் பிளான் என்னன்னா நல்ல தடி தார்ப்பாய் ஒண்ண தரை வரைக்கும் இழுத்து மூடிடறது, வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடறது, ரொம்ப குளிர்ற நாள்ல உள்ள சின்னதா ஒரு கேஸ் ஹீட்டர் வைக்கறது. வேற ஏதாச்சும் பண்ணணுமா? திட்டறதுன்னாலும் திட்டுங்க, வண்டி பிழைச்சா போதும்.

ஸ்பேனர் கை:
திட்டத்தான் வந்தேன் ப்ரோ :) நீங்க சொன்ன மூணுமே வண்டிக்கு தண்ணி காட்டற வேலை. குளிர் இரும்பை ஒண்ணும் பண்ணாது, ஈரந்தான் திங்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரணும், பத்து நிமிஷத்துல சைலன்சர் ஒழுங்கா சூடுகூட ஆகாது, அப்ப அந்த ஆவி எங்க போகும், உள்ளயே தண்ணியா நின்னு உள்ளருந்தே அரிக்கும். ஆயில்லயும் கலக்கும், இப்படி ஓடின வண்டியில ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, அடியில வெளுத்த மஞ்சள்ல வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். ஓட்டினா உப்பில்லாத காஞ்ச ரோட்டுல அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டுங்க, இல்லன்னா சாவியைத் தொடவே தொடாதீங்க. கேஸ் ஹீட்டரும் அதே கதைதான், எரிய எரிய ஈரத்தைக் கக்கும், மூடின ஷெட்டுல கார்பன் மோனாக்சைடு வேற, அது உங்களுக்கே ஆபத்து.

தார்ப்பாய் நான் செஞ்ச தப்பு. மார்ச்ல தூக்கிப் பாத்தா உள்பக்கம் பூரா சொட்டு சொட்டா தண்ணி, பம்பர் குரோம்ல ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா துரு. குளிர்கூட பரவால்ல, நடுவுல திடீர்னு ஒருநாள் காத்து சூடாகும் பாருங்க, அன்னைக்கு இரும்பு மட்டும் ஜில்லுனே கிடக்கும், ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த சொம்பு மாதிரி வண்டி மொத்தமும் வேர்க்கும். தார்ப்பாய் போட்டா அந்த வேர்வை காயவே காயாது. காத்து போற துணி கவர் வாங்குங்க, தார்ப்பாயை வண்டிக்கு அடியில தரையில விரிங்க, கான்கிரீட்லருந்து ஏறுற ஈரத்துக்கு அதுதான் சரியான இடம்.

நிறுத்தறதுக்கு முன்னாடி அடிப்பாகத்தை, முக்கியமா மட்கார்டு உள்பக்கத்தை, நல்லா கழுவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டி காயவிடுங்க. ஆயிலை இப்பவே மாத்துங்க, நாளாவட்டத்துல பழைய ஆயில்ல ஆசிட் சேந்திருக்கும், அஞ்சு மாசம் பேரிங் அதுல ஊறக்கூடாது.

கட்டைவிரல்:
மேல சொன்னதெல்லாம் ஓகே, ஆனா மைனஸ் 20ன்னு சொல்லிட்டு யாருமே கூலன்ட், அதான் இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி, பத்தி கேக்கலையே! இதுல நான் சூடு பட்டவன். ஒரு வருஷம் தண்ணிய வடிச்சிட்டு நிறுத்தினேன், ரேடியேட்டர் டேப்பைத் திறந்தேன் கொட்டுச்சு, இன்ஜின் பிளாக்குல தனியா ஒரு டேப் இருக்கில்ல அதைத் திறந்தேன் ஒண்ணும் வரல, சரி காலின்னு நெனச்சு மூடிட்டுப் போயிட்டேன். காலி இல்லீங்க, துருச்சகதி டேப் ஓட்டைய அடைச்சிருந்திருக்கு. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருசாகும், பிளாக்குல தலைமுடி கணக்கா ஒரு விரிசல். வெளிய பாத்தா தெரியாது, தண்ணி ஊத்தி சூடேத்தினப்பதான் கசிய ஆரம்பிச்சுது. டேப்பைத் திறந்து ஒண்ணும் வரலன்னா கம்பிய விட்டுக் குத்துங்க, வர்ற வரைக்கும் குத்துங்க.

வடிக்கறதவிட ஆன்டிஃப்ரீஸ், அதாவது தண்ணிய உறையவிடாத மருந்து, ஊத்தி வைக்கறதுதான் என் ஓட்டு. அதுக்காக நிறைய ஊத்தினா நல்லதுன்னு தண்ணியே கலக்காம ஊத்திடாதீங்க, அந்த மருந்துல இருக்கற எத்திலீன் கிளைக்கால் வெறுமனே இருந்தா மைனஸ் 13 பக்கத்துலயே உறைஞ்சிடும், பாதிக்குப் பாதி தண்ணி கலந்தாத்தான் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். ஊத்தினதும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடற வால்வு) திறக்கற வரைக்கும் ஓடவிடுங்க, இல்லன்னா மேல மருந்தும் பிளாக்குல வெறும் தண்ணியுமா நிக்கும்.

பேட்டரிய கழட்டி உள்ள கொண்டு போயிடுங்க. ஃபுல் சார்ஜ்ல இருந்தா உறையாது, சுத்தமா இறங்கிப்போச்சுன்னா மைனஸ் 7, 8லயே உறைஞ்சு வெடிச்சிடும்.

எலிப்பொறி:
எலி! எலிய மறந்துட்டீங்க எல்லாரும். சைலன்சர் வாய்லயும் ஏர் கிளீனர் வாய்லயும் ஸ்டீல் வூல் அடைங்க, அடைச்சதை சீட்டுல எழுதி ஸ்டீயரிங்ல தொங்கவிடுங்க, ஏன்னா வசந்தத்துல கண்டிப்பா மறந்துடுவீங்க. அந்துருண்டை போடாதீங்க, எலி போகுதோ இல்லியோ அந்த வாசனை சீட்டைவிட்டுப் போகாது.

ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தாதீங்க, பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்கு கட்டை குடுங்க. டயர்ல வழக்கமா வைக்கறதவிட 10 பிஎஸ்ஐ கூட காத்து, டயர்ல போட்டிருக்கற அளவைத் தாண்டாம.

ஸ்பேனர் கை:
டயருக்கு காத்து ஏத்தறதவிட ஸ்டாண்டுல ஏத்தி வைக்கறது பெட்டர் இல்லியா? கிராஸ் பிளைன்னு சொல்ற அந்தக் காலத்து டயர்னா ஒரு பக்கம் தட்டையாகி நிக்குமே.

எலிப்பொறி:
ஏத்தலாம், ஆனா ஸ்டாண்டை ஆக்சில்லயும் முன்பக்கம் சஸ்பென்ஷன் கைக்கு அடியிலயும் வைக்கணும். பாடியில குடுத்தா சக்கரம் தொங்கி ரப்பர் புஷ் எல்லாம் முறுக்கிக்கிட்டு அஞ்சு மாசம் நிக்கும். சோம்பேறிக்கு காத்துதான், நான் சோம்பேறி. தட்டையானது கொஞ்ச தூரம் ஓடினா பெரும்பாலும் சரியாயிடும்.

ரெண்டாவது கியர்:
நன்றி மக்களே, தார்ப்பாய் தரைக்குப் போயிடுச்சு, ஹீட்டர் கேன்சல். ரெண்டு டவுட்டு. பெட்ரோலை ஃபுல்லா வைக்கறதா காலி பண்றதா? அப்புறம் இது பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியோட பிளஸ்தான் பாடியில சேந்திருக்கு, பேட்டரி கழட்டும்போது எதை முதல்ல?

கட்டைவிரல்:
ஃபுல். டேங்க்ல காத்துக்கு இடம் இருந்தா அங்கயும் வேர்க்கும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைச்சா அதையே போடுங்க, எத்தனால் ஈரத்தை இழுத்துக்கிட்டு ஒரு கட்டத்துல தண்ணியோட சேந்து பிரிஞ்சு அடியில போய் நிக்கும், பழைய ரப்பர் ஹோஸுக்கும் அது ஆகாது. பெட்ரோல் கெடாம வைக்கற ஸ்டெபிலைசர் ஊத்தி பத்து நிமிஷம் ஓடவிட்டா கார்பரேட்டர் வரைக்கும் போயிடும் (இந்தப் பத்து நிமிஷம் மட்டும் அனுமதி, ஷெட்டுக்கு வெளிய).

எர்த்தைத்தான் முதல்ல கழட்டணும், உங்க வண்டியில அது பிளஸ். ஆனா சார்ஜர்ல மாத்திப் போட்டுறாதீங்க, அங்க எப்பவும் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ்தான்.

ரெண்டாவது கியர்:
இன்னைக்கு பிளாக் டேப்பைத் திறந்தேன். ஒண்ணும் வரல. கட்டைவிரல் அண்ணா சொன்னது ஞாபகம் வந்து ஒரு கம்பிய விட்டு ஆட்டினேன், முதல்ல செங்கல் கலர்ல கெட்டியா கொஞ்சம் சகதி விழுந்துச்சு, அப்புறம் பாத்தா குபுகுபுன்னு என் கைச்சட்டை உள்ள வரைக்கும் தண்ணி. நல்லா தெளிவா வர்ற வரைக்கும் ஃப்ளஷ் பண்ணிட்டு பாதிக்குப் பாதி ஊத்தி ஓடவிட்டு நிறுத்திட்டேன். ஸ்டீயரிங்ல சீட்டு தொங்குது: "சைலன்சர்ல ஒண்ணு, ஏர் கிளீனர்ல ஒண்ணு, எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு."