வீட்டு ஒலிப்பதிவு அறை: இன்னும் உங்களை உறுத்தும் பதிவு எது?

தோடிப்பிரியன்:
சுவரெங்கும் ஓர் அங்குல ஃபோம் ஒட்டி முடித்த அடுத்த வாரம், என் அண்ணன் ஒன்றரைக் கட்டைச் சுருதியில் தோடி ராக ஆலாபனை பாடினார். மத்திமமும் பஞ்சமமும் தெளிவாக இருந்தன. மந்திர ஸ்தாயி தைவதத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயியின் ‘த’ சுரத்துக்குக் குரல் இறங்கியதும், ஃபோம் இருந்தும் அறையே கும்மென்று முழங்கியது. ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்டபோது தைவதத்தின் கமகம் அந்த முழக்கத்துக்குள் அமிழ்ந்து, அசைவே தெரியாமல் ஒரே மொத்தையாக நின்றது. தம் தொண்டை சரியில்லை என்று எண்ணி, அண்ணன் மூன்று முறை பாடிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். குறை அவருடைய குரலில் இல்லை என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அறையின் நீளம், அகலம் இரண்டும் 10 அடி 4 அங்குலம், அதாவது 3.15 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 55, 110 ஹெர்ட்ஸ் அருகே நிலையலைகள் எழும்; அதாவது சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். அந்தத் தைவதமும் ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ்தான். மைக்கை நான் வைத்திருந்ததோ 110 ஹெர்ட்ஸின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நட்ட நடுவில். ஒரு மூலையில் சேரும் இரு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி மாற்றியதும் முழக்கம் பெருமளவு அடங்கியது.

கதைவாசகன்:
ஃபோமால் பயனே இல்லை என்பதுபோல் மேலே எழுதப்பட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. நான் சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறவன். மொசைக் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட என் அறையில் கைதட்டினால், சிறகடிப்பதுபோல் ஓர் உலோக அதிர்வு பின்தொடரும். முகத்துக்கு நேரே இருந்த சுவரில் ஃபோமும் தரையில் ஜமக்காளமும் வந்த பிறகே அது ஒழிந்தது. ஓர் அங்குல ஃபோம் உயர் ஒலியை விழுங்கும், மூன்று மீட்டர் நீள அலையைத் தொடாது என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும். வெளியோசையை அது தடுக்காது என்பதும் உண்மை. கதையில் தாய் இறக்கும் இடத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்; பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் முழுதாகப் பதிவாகியிருந்தது. அந்த வாசிப்பு எனக்கு மறுபடி வரவேயில்லை.

தொப்பிநாதம்:
மிருதங்கத்தைப் பதிவு செய்தபோது, அதன் தாழ்ந்த ஒலி தரும் முகமான தொப்பியின் ஓசை எனக்கும் இப்படித்தான் ஊதிப் போனது. இருவரும் முதலில் மூலைகளைக் கவனியுங்கள். தாழ் ஒலியின் அழுத்தம் அங்கேதான் சேரும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு) பலகைகளை நான்கு அங்குலக் கனத்தில் மரச்சட்டத்துக்குள் வைத்து, பருத்தித் துணியால் மூடி, மூலைக்குக் குறுக்கே தரையிலிருந்து கூரைவரை நிறுத்துங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபுறம் வர வேண்டும், ரெக்சின் ஆகாது. சுவரில் மாட்டும் பலகைக்குப் பின்னே நான்கு அங்குல இடைவெளி விட்டால், அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலிவரை வேலை செய்யும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள், இழைகள் தோலை நமநமவென்று அரிக்கும். யார் சொன்னாலும் முட்டை அட்டையை ஒட்டாதீர்கள்; அந்த மெல்லிய காகிதக் கூழ் தாழ் ஒலியைத் தொடாது, தீயும் எளிதில் பற்றும். குக்கர் விசிலுக்கு வழி வேறு. கதவடி இடுக்கையும் ஜன்னல் இடுக்கையும் ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும். காற்று நுழையும் இடமெல்லாம் ஓசையும் நுழையும்.

தோடிப்பிரியன்:
ஃபோம் வீண் என்று நான் எழுதவில்லை. தைவதத்துக்கு அது உதவவில்லை என்றே எழுதினேன். ஒரு மூலையில் கதவு இருக்கிறது, இன்னொன்று தம்புராவுக்கு வேண்டும். மீதி இரண்டை இந்த மாதம் ராக்வூலால் அடைக்கப் போகிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.