மெயின்ஃப்ரேம் ஆளை மூன்று மாதத்தில் உருவாக்கிவிட முடியுமா?

பச்சைத்திரை:
நேற்று இங்கே வேறோர் இழையில் ஒயிட்ஃபீல்டு வாசன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "மெயின்ஃப்ரேம் ஆள் ஒருவர் விலகினால் மேலாளர் பதறத் தேவையில்லை; மூன்று மாதம் பயிற்சி கொடுத்தால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார்" என்று எழுதியிருக்கிறார். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில், வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்கை ஓட்டும் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினி வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: எங்கிருந்து வந்தது இந்த மூன்று மாதக் கணக்கு?

எங்கள் அணியில் மூத்த பெண்மணி ஒருவர் இருந்தார். வெளிநாட்டு வங்கி ஒன்றின் பேட்ச் ஓட்டம், அதாவது கணக்குகளை மொத்தமாகச் செயலாக்கும் இரவு வேலை, எங்கள் பொறுப்பில் இருந்தது. ஒரு காலாண்டு இறுதியில், இரவு இரண்டு மணிக்கு, அந்த ஓட்டத்தின் ஒரு வேலையான வட்டிக் கணக்கு ஜாப் எஸ்0சி7 அபெண்டில், அதாவது எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் அல்லாதது இருந்தால் வரும் பிழையில், விழுந்தது. எண்ணை இலக்கத்துக்கு அரைபைட்டாகச் சுருக்கி, முடிவில் கூட்டல்-கழித்தல் குறியோடு வைக்கும் காம்ப்-3 புலத்தில் இடைவெளிகள் நிறைந்திருந்தன. மெயின்ஃப்ரேம் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் எபிசிடிக் குறியீட்டில் இடைவெளிக்குப் பதினாறடிமானத்தில் 40. ஆகவே ஏ முதல் எஃப் வரை ஏதேனும் ஒரு குறி இருக்கவேண்டிய கடைசி அரைபைட்டில் பூஜ்யம் வந்து, இயந்திரம் கூட்ட மறுத்து நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கோப்பைத் திருத்தும் கருவியான ஃபைல்-எய்டில் அந்தப் பதிவைத் திறந்து, புலத்தில் முறையான பூஜ்யத்தை இட்டு, ஜாபை மறுபடி ஓட்டிவிடலாம் என்றார்கள். விழுந்த கணத்தின் நினைவகப் பதிவான டம்ப்பைப் பார்த்த அந்த அம்மையார் தடுத்தார். காலாண்டு இறுதியில் மட்டும் வருகிற ஒரு பதிவு வகை அது. அந்த வகையில், ஒரே இடத்துக்கு இன்னொரு பொருள் தரும் ரீடிஃபைன்ஸ் மூலம், அதே இடத்தில் பெயர்ப் புலத்தின் காலிப் பகுதி இருக்கிறது. நிரல் பதிவு வகையைச் சோதிக்காமல் கூட்டப் போய் விழுந்திருக்கிறது. பூஜ்யம் இட்டிருந்தால் ஜாப் முடிந்திருக்கும், வாடிக்கையாளர் பெயர்ப் புலம் சிதைந்திருக்கும், காலையில் பேரேடு ஒத்துவந்திருக்காது.

அடுத்த அப்ரைசலில் அவரை, ஊழியரைத் தரவரிசைப்படுத்தும் பெல் கர்வின் கடைசியில் தள்ளினார்கள். புதிய தொழில்நுட்பம் எதையும் கற்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் வாசன் சொல்லும் மூன்று மாத ஆள்.

ஒயிட்ஃபீல்டு வாசன்:
என் பெயரை இந்த இழைக்கு இழுத்துவிட்டதால் பதில் எழுதுகிறேன். இந்த நிரல்கள் எழுதப்பட்ட கோபோல் மொழிக்கான பணி 1959 இல் தொடங்கியபோதே, கணினி வல்லுநர் அல்லாதவரும் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி அது இருக்கவேண்டும் என்பது நோக்கமாக இருந்தது. சிஸ்டம்/360 என்னும் மெயின்ஃப்ரேம் குடும்பத்தை ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. அந்தக் குடும்பத்துக்கு எழுதிய பழைய நிரல்கள் இன்றைய இசட் இயந்திரங்களிலும் ஓடும்படி அந்நிறுவனம் பார்த்துக்கொண்டு வருகிறது. அறுபது ஆண்டுகளாக இவ்வளவு நிலையாக இருக்கிற ஒன்றைக் கற்பிக்க மூன்று மாதம் போதாது என்றால், குறை பயிற்சியில் இருக்கிறது. அந்த ரீடிஃபைன்ஸ் பற்றி ஆவணத்தில் ஒரு பத்தி இருந்திருந்தால் அந்த அம்மையாரை இரவில் எழுப்பியிருக்கவே வேண்டாம். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிற அறிவு நிறுவனத்துக்கு ஆபத்து. கல்லூரி முடித்து வந்தவர்களை மூன்று மாதத்தில் பில்லிங்கில், அதாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கும் வேலையில், ஏற்றியவன் நான். எந்த வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை.

பச்சைத்திரை:
பில்லிங்கில் ஏற்றினேன் என்கிறீர்கள், வேலை கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கிய மறுநாளே ஒருவரைத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவில் பேருந்து ஓட்டச் சொல்வீர்களா?

2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பேட்ச் ஜாப்களை வரிசைப்படுத்தும் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றினார்கள். சிக்கல் வந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராததால் இரவு ஓட்டம் குலைந்தது. சம்பளம் கணக்கில் ஏறாமல், வீட்டுக் கடன் தவணை போகாமல் 65 இலட்சம் வாடிக்கையாளர் தவித்தார்கள். 2014 இல் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகள் சேர்ந்து 560 இலட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. ஓட்டத்தின் எந்தக் கண்ணியை எப்போது பின்னிழுக்கலாம் என்பதைப் பல ஆண்டு அதனுடன் வாழ்ந்தவர்தான் அறிவார். மூன்று மாதத்தில் அறிந்தவர் யாரையாவது காட்டுங்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசன்:
அந்த அபராத அறிக்கை குறை சொன்னது தகவல் தொழில்நுட்ப இடர்களை இனங்கண்டு கட்டுப்படுத்தும் முறைகளை. மூத்த ஊழியர் இல்லாததால் விழுந்தது என்பது நீங்களாக ஒட்டிக்கொண்டது. முறைகள் வேண்டும் என்பதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

சில்க்போர்டு சிவா:
இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு முதல் பதிவிலேயே ஐயம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வட்டி பேட்ச் விழுந்தது என்கிறார் பச்சைத்திரை. நமக்கு இரவு இரண்டு மணி என்றால் நியூயார்க்கில் மாலை நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. அந்த நேரத்தில் எந்த வங்கி வட்டி பேட்ச் ஓட்டும்? அமெரிக்க இரவு நமக்குப் பகல் என்பதால்தானே பேட்ச் கண்காணிப்பு வேலையே பெங்களூருக்கு வந்தது.

பச்சைத்திரை:
அமெரிக்க வங்கி என்று நான் எழுதினேனா? அது இலண்டன் வங்கி. கோடையில் நமக்கு இரண்டு மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை. ஆன்லைன் மூடி பேட்ச் தொடங்கியிருக்கும். மணியைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் சிவா, மூன்று மாதம் என்ற கணக்கையும் அப்படியே சரிபார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோரமங்களா செல்வி:
நான் சிஐசிஎஸ் பக்கம், அதாவது மெயின்ஃப்ரேமின் ஆன்லைன் பரிமாற்றப் பக்கம், இருப்பவள். வாசன் அண்ணாவின் கீழும் சிலகாலம் வேலை செய்திருக்கிறேன், அது அவருக்கும் தெரியும். சிஸ்டம்/360 இன் இயக்கமுறைமையான ஓஎஸ்/360 உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975 இலேயே எழுதிவிட்டார்: காலம் தாழ்ந்த மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாழும். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவர், ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்தான். அவருடைய நேரம் போய்விடுகிறது. பத்துப் பேர் அணியில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 45 வழிகள் உண்டு. பதினைந்து பேரானால் 105. வாசன் அண்ணா சொல்லும் மூன்று மாதத்தில் கற்பவரின் மாதங்கள் மட்டுமே கணக்கில் வருகின்றன. கற்பித்தவளின் மாதங்களை யார் கணக்கில் எழுதினார்கள்? என் கேடி (புதியவருக்கு அறிவைக் கைமாற்றும்) வேலைகள் எந்த அப்ரைசலிலும் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசன்:
செல்வி, உன் அப்ரைசல் குறையை இங்கே பொதுவில் பேச வேண்டாம். அந்த ஆண்டு தரவரிசை மேலிடத்திலிருந்து வந்தது. வெளிநாட்டில் வாடிக்கையாளரிடமே போய் வேலை செய்யும் ஆன்சைட் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

கோரமங்களா செல்வி:
அந்த ஆன்சைட் மூன்று மாதம் மட்டுமே நடந்தது, அண்ணா. விசா தாமதத்துக்கு வாடிக்கையாளரிடம் என் பெயரைச் சொன்னது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

சில்க்போர்டு சிவா:
இன்னொன்றும் கேட்டாக வேண்டும். ஜாபை மறுபடி ஓட்டும்போது ஒரே கோப்பின் அடுத்தடுத்த பதிப்புகளை எண்ணிட்டு வைக்கும் ஜிடிஜியில் தலைமுறை எண்ணை என்ன செய்தார்கள்? ஜாபின் முந்தைய கட்டமான ஸ்டெப் ஏற்கெனவே உருவாக்கிப் பட்டியலில் சேர்த்துவிட்ட +1 (புதிய பதிப்பு), இடையிலிருந்து ரீஸ்டார்ட் செய்யும்போது 0 (நடப்புப் பதிப்பு) ஆகிவிடும். ஜாபை ஓட்டும் கட்டளைகளான ஜேசிஎல்லில் அதை மாற்றாமல் விட்டால் கோப்பே கிடைக்காது. இதைக் கதையில் காணோம்.

ஒயிட்ஃபீல்டு வாசன்:
அதை, ரீஸ்டார்ட்டைக் கவனிக்கும் சிஏ-11 என்னும் கருவி தானாகவே சரிசெய்துவிடும். நான் சொல்வதும் இதுதான்: கருவி செய்யக்கூடிய வேலைக்கு ஆளைப் போற்றிக்கொண்டிருக்கிறோம்.

பச்சைத்திரை:
எங்கள் வாடிக்கையாளரிடம் சிஏ-11 இல்லை. எல்லா இடத்திலும் அது இருக்கும் என்று எண்ணுவதே மூன்று மாதப் பயிற்சியின் பலன். அந்த அம்மையார் எந்த ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட் செய்யவேண்டும், எந்த எண்ணை மாற்றவேண்டும் என்று ஜேசிஎல்லைத் திறக்கும் முன்பே சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

மேலாளர்கள் ஆட்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரமிடு என்று ஒரு படம் வரைவார்கள். அடியில் ஃப்ரெஷர்கள் பலர், உச்சியில் மூத்தவர் ஒருவர். ஆண்டுதோறும் அடிப்பகுதியை அகலமாக்கி, நடுவில் இருப்பவரின் சம்பளம் கூடியதும் அவரைப் பணி ஏதும் தராமல் பெஞ்சில் உட்காரவைத்து, அவராகவே போகும்படி செய்வார்கள். போகிறேன் என்று அவர் சொன்னதும், மூன்று மாதத்தில் ஈடுசெய்துவிடலாம் என்று பேசுகிற அதே மேலாளர் தொண்ணூறு நாள் நோட்டீஸை ஒரு நாளும் குறைக்க மறுத்துப் பிடித்துவைப்பார். அவ்வளவு எளிதில் ஈடுசெய்யக்கூடியவர் என்றால் பிடித்துவைப்பது எதற்கு?

மாரத்தஹள்ளி கதிர்:
இவ்வளவு சண்டை எதற்கு? எல்லாவற்றையும் புதிய தளத்துக்கு மாற்றிவிட்டால் இந்த ஆட்களே வேண்டாம்.

பச்சைத்திரை:
மாற்றிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், தம்பி. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் குழுமத்தின் பழைய அமைப்பிலிருந்து, தன் அப்போதைய தாய் நிறுவனமான ஸ்பெயின் வங்கி சபாடெல் உருவாக்கிய தளத்துக்கு ஒரே வார இறுதியில் மாறியது. வாடிக்கையாளர் இலட்சக்கணக்கில் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் வெளியே நின்றார்கள். 2022 டிசம்பரில் 486 இலட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம்.

ஒயிட்ஃபீல்டு வாசன்:
அதுவும் சோதனைக் குறைபாடு. பச்சைத்திரை எந்த விபத்தைக் கண்டாலும் அதில் தன் மூத்த ஊழியரையே காண்கிறார். நான் 2020 ஏப்ரலை எடுத்துக்கொள்கிறேன்: நியூ ஜெர்சி ஆளுநர், மாநிலக் கணினிகளுக்குக் கோபோல் தெரிந்த தன்னார்வலர் வேண்டும் என்று செய்தியாளர் முன் கேட்டார். அறிவைச் சிலரிடமே விட்டுவைத்ததன் விளைவு அது. மூன்று மாதத்துக்கு ஒரு தொகுதியாக ஆண்டுதோறும் ஆள் எடுத்திருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

கோரமங்களா செல்வி:
அந்தத் தொகுதிகளுக்குப் பாடம் எடுப்பவர் யார் என்பதற்கு அண்ணா இன்னும் பதில் சொல்லவில்லை.

பச்சைத்திரை:
செல்வி அம்மா கேட்டதற்கு மட்டுமா பதில் இல்லை? மூன்று மாதம் முடித்த ஒருவர் தனியாக டம்ப் படித்து, பதிவு வகையைக் கண்டு, சரியான ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட் செய்த ஒரே ஓர் இரவைச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன், வாசன். நிறுவனப் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். அதற்குப் பதிலாக எனக்குக் கோபோலின் வரலாறு வருகிறது, ஆளுநர் வருகிறார், சிஏ-11 வருகிறது.

ஒயிட்ஃபீல்டு வாசன்:
எத்தனையோ இரவுகள் உண்டு. வாடிக்கையாளர் விவரங்களைப் பொதுவில் எழுத நான் கடமை மறந்தவன் அல்லன். மூன்று மாதம் போதும் என்பதில் ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சில்க்போர்டு சிவா:
இலண்டன் ஒன்பதரை மணி என்பது காலாண்டு இறுதி மார்ச்சிலோ ஜூனிலோ செப்டம்பரிலோ இருந்தால்தான் பொருந்தும். டிசம்பர் என்றால் அங்கே எட்டரை. எந்தக் காலாண்டு என்று பச்சைத்திரை இன்னும் சொல்லவில்லை.

பச்சைத்திரை:
செப்டம்பர். இப்போது வாசன் தம் மூன்று மாதத்துக்கு ஆதாரம் தரட்டும்.