ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட இழக்காத குழுவா? 332ஆவது போர்விமானக் குழு குறித்த வாதம்

ஆவணப்பித்தன்:

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 332ஆவது போர்விமானக் குழு தான் வழித்துணையாகச் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரி விமானங்களிடம் பறிகொடுத்ததில்லை என்ற கூற்று, கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இன்றுவரை உலவிக்கொண்டிருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகளைக் கொண்டு, மஸ்டாங் (பி-51) போர்விமானங்களின் வாலுக்குச் சிவப்புச் சாயம் பூசிப் பறந்த அந்தக் குழுவின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அந்தக் கூற்று உண்மையன்று. அமெரிக்க வான்படையின் வரலாற்று ஆய்வு முகமையில் பணியாற்றிய டேனியல் ஹால்மன், குழுவின் பயண அறிக்கைகளையும் குண்டுவீச்சுக் குழுக்களின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 179 வழித்துணைப் பயணங்களில் ஏழு பயணங்களின்போது மொத்தம் 27 குண்டுவீச்சு விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டன என்று நிறுவியிருக்கிறார். போர் முடிவதற்கு முன்பே, 1945 மார்ச் மாதத்தில் வெளியான பத்திரிகைச் செய்திகளிலேயே இந்தக் கூற்று தலைகாட்டிவிட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்தும் அதைப் பிடித்துத் தொங்குவதற்கு நமக்கு என்ன தேவை?

வடகரையான்:

ஐயா, 27 என்ற எண்ணை நான் மறுக்கவில்லை. அதைத் தனியே நிறுத்திவைப்பதைத்தான் மறுக்கிறேன். 332ஆவது குழு இடம்பெற்றிருந்த, இத்தாலியிலிருந்து இயங்கிய 15ஆம் வான்படையில் மஸ்டாங் ஓட்டிய பிற குழுக்கள் துணைசென்றபோது விழுந்த குண்டுவீச்சு விமானங்களின் சராசரி 46 என்று அதே ஹால்மன்தான் எழுதியிருக்கிறார். தங்கள் பதிவில் 27 இருக்கிறது, 46 இல்லை. படிப்பவர் மனத்தில் எஞ்சுவது "சொன்ன அளவுக்கு அவர்கள் ஒன்றும் பெரியவர்கள் அல்லர்" என்ற எண்ணம் மட்டுமே.

இந்த எண்ணத்துக்கு நீண்ட பழைய கதை உண்டு. கறுப்பினத்தவருக்குப் போர்க்களத்தில் தலைமையேற்கும் அறிவும் துணிவும் போதாது என்று 1925இல் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி ஓர் அறிக்கையே தயாரித்தது. 1943 ஜூன் மாதத்தில் இத்தாலியின் பாண்டெல்லேரியா தீவின் மீதான தாக்குதலில், டஸ்கீகியில் பயிற்சி பெற்ற முதல் கறுப்பின அணியும் பின்னர் 332ஆவது குழுவில் சேர்ந்ததுமான 99ஆவது அணி களமிறங்கியது. சில மாதங்களுக்குள்ளேயே, அந்த அணி இணைக்கப்பட்டிருந்த 33ஆவது போர்விமானக் குழுவின் தலைவர் கர்னல் வில்லியம் மோமயர், அவர்களிடம் போர்முனைப்பு போதவில்லை என்று எழுதி அனுப்பினார். மேலதிகாரிகளும் அதை வழிமொழிந்து, அந்த அணியைக் கரையோரக் காவலுக்கு ஒதுக்கிவிடலாம் என்று மேலே அனுப்பினார்கள். ஆவணம், ஆவணம் என்கிறீர்களே, மோமயர் எழுதியதும் ஆவணம்தான்.

ஆவணப்பித்தன்:

நண்பரே, தாங்கள் எடுத்துக்காட்டிய நிகழ்வே என் பக்கத்துக்குச் சான்றாக நிற்கிறது. மோமயரின் அறிக்கையை வீழ்த்தியது எது? 1943 அக்டோபரில், 99ஆவது அணிக்குத் தலைமை தாங்கியவரும் பின்னர் 332ஆவது குழுவின் தலைவரானவருமான பெஞ்சமின் டேவிஸ் வாஷிங்டனில் போர்த்துறைக் குழுவின் முன் நின்று, முன்அனுபவம் உள்ள விமானி ஒருவர்கூட இல்லாமல் களத்துக்கு அனுப்பப்பட்ட அணி எத்தகைய சூழலில் பறந்தது என்று விளக்கினார். அதன்பின் வான்படைத் தலைமை, மத்தியதரைக்கடல் களத்தில் அதே பி-40 விமானத்தை ஓட்டிய பிற அணிகளோடு 99ஆவது அணியை எண்கணக்கில் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தியது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே 1944 மார்ச் 30 தேதியிட்ட அந்த ஆய்வின் முடிவு. இதற்கிடையில் ஜனவரி 27, 28 ஆகிய இரு நாள்களில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைக்கு மேலே 99ஆவது அணி பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியிருந்தது. ஓர் அதிகாரியின் அபிப்பிராயத்தை எண்கள்தாம் முறியடித்தன. புகழுரை எதுவும் முறியடிக்கவில்லை. அன்று எண்ணை நம்பி நின்றவர்களைக் காப்பாற்றுவதற்காக இன்று எண்ணை மறைக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

27 என்பது மேலோட்டமாகச் சொன்ன எண்ணும் அன்று. விமானம் ஒன்று திரும்பாவிட்டால், காணாமற்போன குழுவினர் பற்றிய அறிக்கை என்ற படிவத்தை நிரப்பியாக வேண்டும். அது கடைசியாகக் காணப்பட்ட நேரம், இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், அன்றைய வானிலை, விழுந்தது எதிரி விமானத்தாலா விமான எதிர்ப்புப் பீரங்கியாலா, வேறு விமானத்திலிருந்து கண்ணால் கண்டவரின் வாக்குமூலம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். அந்த நேரத்தில், அந்த இடத்தில், அந்தக் குண்டுவீச்சுப் பிரிவுக்கு வழித்துணையாக நின்றது எந்தக் குழு என்பதைப் போர்விமானக் குழுவின் பயண அறிக்கை சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. பீரங்கியால் விழுந்தவை அதில் சேரவில்லை, ஏனெனில் பீரங்கிக் குண்டைத் தடுக்க எந்த வழித்துணை விமானத்தாலும் ஆகாது.

கடற்காகம்:

இருவரும் 27ஐ ஒரே எடையுள்ள 27 நிகழ்வுகளாகவே பேசுகிறீர்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை 1944 ஜூலை 18 என்ற ஒரே நாளில் விழுந்தவை என்பது இதுவரை இங்கே பேசப்படவில்லை.

அன்றைய இலக்கு தெற்கு ஜெர்மனியின் மெம்மிங்கன் விமானத்தளம். ஆல்ப்ஸ் மலைக்கு மேலே வானிலை கெட்டுப்போனதால் பல குண்டுவீச்சுக் குழுக்கள் திரும்பிவிட்டன. 483ஆவது குண்டுவீச்சுக் குழு மட்டும் திரும்பாமல் இலக்கை நோக்கிப் போனது. பிற குழுக்களின் அணிவகுப்பிலிருந்து பிரிந்து நின்ற அந்த பி-17 விமானங்கள்மீது ஜெர்மன் போர்விமானங்கள் பெருங்கூட்டமாகப் பாய்ந்தன. அதே வானில் 332ஆவது குழுவும் கடுமையாகப் போரிட்டது, கிளாரன்ஸ் லெஸ்டர் என்ற விமானி ஒருவரே சில நிமிடங்களில் மூன்று எதிரி விமானங்களை வீழ்த்தினார். எனினும் சிதறிப்போன அணிவகுப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் துணை நிற்கப் போதிய போர்விமானங்கள் அங்கே இல்லை. அந்த ஒரு நாளை விலக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சிய 178 பயணங்களில் இழப்பு பன்னிரண்டை ஒட்டித்தான் வரும். அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என் வாதமன்று. வெறும் கூட்டுத்தொகை ஒரு குழுவின் திறமையைச் சொல்லாது என்கிறேன்.

செங்காந்தள்:

கடற்காகம் அவர்களின் தர்க்கம் 46க்கும் பொருந்தும் அல்லவா? பிற குழுக்களின் பட்டியலிலும் இப்படிச் சில கொடிய நாள்கள் இருந்திருக்கும். ஒரு பக்கத்துக் கொடிய நாளுக்கு விளக்கம் சொல்லி எடையைக் குறைத்துவிட்டு, மறுபக்கத்துச் சராசரியை அப்படியே வைத்துக்கொள்வது நியாயமாகாது. வடகரையான் ஐயா 46ஐக் கேடயமாகப் பிடித்திருக்கிறார். அது பல குழுக்களின் சராசரி மட்டுமே. எந்த நாளில் எந்தக் குண்டுவீச்சுப் பிரிவுக்கு யார் துணை போவது என்பதை முடிவுசெய்தது 306ஆவது போர்விமானப் பிரிவின் தலைமையகம். ஆபத்து மிகுந்த இலக்குகள் எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனவா என்று பாராமல், சராசரியை வைத்துத் திறமையை அளக்க முடியாது.

மற்றொரு கேள்வியும் எனக்கு உண்டு. குண்டுவீச்சு விமானங்களை விட்டு அகலாதீர்கள், எதிரி கண்ணில் பட்டான் என்பதற்காகத் துரத்திக்கொண்டு போகாதீர்கள் என்பது டேவிஸ் தம் விமானிகளுக்கு இட்ட கட்டளை. இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்திலிருந்து இயங்கிய 8ஆம் வான்படையில் 1944 தொடக்கத்தில் ஜெனரல் டூலிட்டில், எதிரியைத் தேடிப்போய் அழிப்பதே போர்விமானங்களின் முதற்கடமை என்று அறிவித்தார். ஜெர்மன் போர்விமானப் படையின் முதுகெலும்பு முறிந்ததற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 332ஆவது குழு வானில் வீழ்த்தியவை 99ஆவது அணியின் கணக்கையும் சேர்த்து 112. அதே களத்தின் 31ஆவது குழு 500ஐத் தாண்டியது. 31ஆவது குழு களத்துக்கு முன்பே வந்துவிட்டது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அன்று காத்த விமானங்களோடு, துரத்தாமல் விட்டதால் மறுநாள் திரும்பி வந்த எதிரிகளையும் கணக்கில் எழுத வேண்டாமா?

வடகரையான்:

அம்மா, தாங்கள் டேவிஸின் கட்டளையைப் போர்த்தந்திரமாக மட்டும் பார்க்கிறீர்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் உடன்பயின்றவர்கள் கடமை சார்ந்த பேச்சைத் தவிர வேறு ஒரு சொல்லும் பேசாமல் ஒதுக்கிவைத்த நிலையிலும் 1936இல் பட்டம் பெற்று வெளிவந்தவர் அவர். தம் விமானிகளில் ஒருவர் தனிப்புகழுக்காகத் துரத்திக்கொண்டு போய், பின்னால் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்துவிட்டால், அந்தப் பழி அந்த விமானியோடு நிற்காது, கறுப்பின விமானிகள் அனைவரின் தலையிலும் விழும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அந்தக் களத்தில் இல்லை. 31ஆவது குழுவின் தலைவருக்கு இப்படி ஒரு கணக்கு தேவைப்படவில்லை. டஸ்கீகி ஒன்றே பயிற்சித்தளமாக இருந்ததால் மாற்று விமானிகளும் போதிய எண்ணிக்கையில் வரவில்லை. பிற குழுக்களில் ஊர் திரும்பியிருக்க வேண்டியவர்கள் இங்கே தொடர்ந்து பறந்துகொண்டிருந்தார்கள். ஆகவே, 112ஐயும் 500ஐயும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

ஆவணங்கள் எதை எழுதாமல் விட்டன என்பதையும் பார்க்க வேண்டும். 1949 மே மாதம் லாஸ் வேகாஸ் தளத்தில் வான்படையின் சுடுதிறன் போட்டி நடந்தது. ஜெட் அல்லாத, சுழலி விமானங்களின் பிரிவில் முதலிடம் பெற்றது 332ஆவது குழு. பழையதாகிப்போன பி-47 விமானங்களோடு போய் ஆல்வா டெம்பிள், ஜேம்ஸ் ஹார்வி, ஹாரி ஸ்டூவர்ட் ஆகியோர் வென்ற கோப்பை அது. சில வாரங்களில், ஜூலை முதல் தேதி, குழு கலைக்கப்பட்டது. நிறவேறுபாட்டை நீக்க 1948இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணையின் விளைவு அது என்பதால் கலைத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் வான்படைச் சங்கத்தின் ஆண்டுமலர், அந்தப் போட்டியில் வென்றவர் யாரென்று தெரியாது என்று 1995வரை அச்சிட்டு வந்தது. கோப்பையும் பல பத்தாண்டுகள் அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்தது. இப்படிப்பட்ட பதிவேடுகளுக்கு மத்தியில் வாழ்ந்த மக்கள் தங்கள் பத்திரிகையையும் தங்கள் வாய்மொழியையும் நம்பினார்கள் என்றால், அதைக் குற்றமாகச் சொல்ல என்னால் இயலாது.

ஆவணப்பித்தன்:

அன்றைய மக்கள் நம்பியதை நானும் குற்றம் சொல்லவில்லை. நான் கேட்பது இன்று எழுதுகிறவர்களை. அந்தக் கூற்று எவ்வளவு விசித்திரமான நாளில் அச்சேறியது என்று பாருங்கள். கறுப்பின மக்களின் ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழ், குழு தன் 200ஆவது பயணத்தையும் இழப்பின்றி முடித்தது என்ற செய்தியை 1945 மார்ச் 24 தேதியிட்ட இதழில் வெளியிட்டது. அதே மார்ச் 24 அன்றுதான் குழு இத்தாலியின் ராமிட்டெல்லி தளத்திலிருந்து பெர்லின்வரை பறந்தது. போய்த் திரும்ப ஏறத்தாழ 1600 மைல், 15ஆம் வான்படையின் மிக நீண்ட பயணம். டைம்லர்-பென்ஸ் டாங்கித் தொழிற்சாலைதான் இலக்கு. ராஸ்கோ பிரவுன், எர்ல் லேன், சார்லஸ் பிராண்ட்லி மூவரும் ஆளுக்கொரு ஜெர்மன் மெ-262 ஜெட் விமானத்தை வீழ்த்தினார்கள், குழுவுக்குச் சிறப்புப் பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது. அவர்கள் காத்துச்சென்ற பி-17களில் மூன்று எதிரி விமானங்களால் வீழ்ந்ததும் அன்றுதான். வீரமும் இழப்பும் ஒரே வானில் நடந்தன, இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவானேன்?

இதைவிட வலுவான சான்றும் இருக்கிறது. 1944 ஜூன் 9 அன்று மியூனிக் பயணத்துக்குத் தலைமை தாங்கியதற்காக டேவிஸுக்குச் சிறப்புப் பறத்தல் சிலுவை வழங்கப்பட்டது. எதிரி விமானங்கள் பெருந்தொகையாக வந்தபோதும், அவர் தம் அணிகளைத் திறமையாக நிறுத்தியதால் குண்டுவீச்சு அணிவகுப்புக்குச் சில இழப்புகளே நேர்ந்தன என்பது அந்த விருதுரையின் சாரம். குழுவின் தலைவர் மார்பில் குத்தப்பட்ட பதக்கத்தின் விருதுரையே இழப்பு இருந்தது என்று சொல்கிறது. டிரியெஸ்ட் அருகே எதிரியின் போர்க்கப்பல் ஒன்றை இயந்திரத் துப்பாக்கியாலேயே மூழ்கடித்தார்கள் என்ற கதையும் இத்தகையதே. டிஏ-22 என்ற அந்தக் கப்பல் பலத்த சேதமடைந்தது, ஆனால் அன்று மூழ்கவில்லை. போர்விமானத்தின் துப்பாக்கியால் ஒரு போர்க்கப்பலைச் செயலிழக்கச் செய்ததே அரிய செயல்தானே.

வடகரையான்:

அந்த விருதுரை எனக்கும் உவப்பானதே, ஏனெனில் "சில இழப்புகளே" என்பதில் உள்ள ஏகாரம் என் வாதத்தைத்தான் சொல்கிறது. இனிமேல் இந்தக் குழுவைப் பற்றி எழுதும்போது நான் அந்த ஜூன் 9லிருந்து தொடங்குவேன். தாங்களும் 27ஐ எழுதும் இடங்களில் மெம்மிங்கனையும் 46ஐயும் சேர்த்து எழுதினால் எனக்கு மறுப்பில்லை. தனியே எழுதினால் மறுபடியும் வந்து மறுப்பேன்.

செங்காந்தள்:

46ஐச் சேர்த்தே தீர வேண்டும் என்றால், அதைச் சராசரியாக எழுதாதீர்கள். 15ஆம் வான்படையில் மஸ்டாங் ஓட்டிய 31, 52, 325 ஆகிய மூன்று குழுக்களின் இழப்பையும் தனித்தனியே, எத்தனை பயணங்களில் என்பதோடு எழுதுங்கள். ஒரு பயணத்துக்கு எத்தனை விமானம் விழுந்தது என்று பார்த்தால்தான் டேவிஸின் கட்டளை பலித்ததா இல்லையா என்று பேச முடியும். அந்தப் பட்டியலை இங்கே இடுகிறவர் யாராயினும் அவரோடு வாதிட நான் ஆயத்தம்.