காலையில் இடது பக்கம் சாய்ந்து நின்ற வண்டி: பழைய மோட்டார் ஹோம் அனுபவங்கள்

என் வண்டி 1999-இல் செய்யப்பட்ட மோட்டார் ஹோம், அதாவது வீட்டு வசதிகளோடு கூடிய பயண வண்டி. பின்புறம் ஆறு சிலிண்டர் டர்போ டீசல் என்ஜின், முழுக்கக் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக், வண்டியைத் தாங்க முன்னால் இரண்டும் பின்னால் நான்குமாகக் காற்றுப் பைகள். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு தொல்லை தொடங்கியது. மாலையில் நேராக நிறுத்தினால், விடிவதற்குள் இடப்பக்கப் பின்மூலை நான்கு விரல் அளவு இறங்கியிருக்கும்.

பைதான் ஓட்டை என்று முடிவு கட்டி, இடப்பக்கப் பைகள் இரண்டையும் மாற்றினேன். மறுநாள் காலையிலும் அதே சாய்வு. அதன் பிறகுதான் பாகம் மாற்றுவதை நிறுத்திவிட்டு அளக்க உட்கார்ந்தேன்.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், தொட்டிகளில் காற்றை நிரப்பும் கம்ப்ரசரை நிறுத்தும் வரை காற்று ஏற்றினேன். பெரும்பாலான வண்டிகளில் இது 120 முதல் 130 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு)-க்குள் நடக்கும், என்னுடையதில் 125. என்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கடிகாரத்தையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது 3-க்கு மேல் கூடாது. முன் தொட்டியின் ஊசி அசையவில்லை. பின் தொட்டியின் ஊசி இறங்கியது. பிரேக்கை மிதித்தபோதும் இறங்கும் வேகம் கூடவில்லை. எழுபதை நெருங்கியதும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நிற்றலில்தான் விடை இருந்தது. காற்றுப் பைகள் அடங்கிய சஸ்பென்ஷனில் கசிவு ஏற்பட்டாலும் பிரேக்குக்கான காற்று தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இடையில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது மூடிக்கொள்ளும். ஊசி அங்கே நிற்கிறது என்றால் கசிவு பிரேக் பக்கம் இல்லை, சஸ்பென்ஷன் பக்கம் இருக்கிறது. தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிட்டது.

சோப்பு நீரைத் தெளிப்பானில் ஊற்றி ஒவ்வோர் இணைப்பாக நனைத்தேன். புதுப் பைகளில் ஒன்றுமில்லை. பைகளுக்குள் காற்றை விட்டும் வெளியேற்றியும் வண்டியின் உயரத்தைச் சரிசெய்யும் இடப்பக்க உயரக் கட்டுப்பாட்டு வால்வின் காற்று வெளியேறும் துளையில் மட்டும் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. வால்வுக்குள் இருந்த ரப்பர் சீல் இறுகிப்போயிருந்தது. பழைய பைகளில் குறை எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வால்வை மாற்றும்போது நைலான் குழாயை ஹாக்சா பிளேடால் அறுத்துவிடாதீர்கள். பிசிறு நின்று சீலைக் கிழித்துவிடும். குழாய் வெட்டும் கருவியால் நேராக வெட்டினால்தான் இணைப்பு பிடிக்கும். இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். காற்றுப் பையை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். குழாய் ஒன்று கழன்றால் பை ஒரே மூச்சில் வெறுமையாகும். வண்டியின் உடல் தரையை நோக்கி வந்துவிடும். சமன்படுத்தும் ஜாக்கிகளையும் நம்பக் கூடாது. எடையைத் தாங்கும் இரும்பு முட்டுகளைச் சேஸ் சட்டத்துக்கு அடியில் நிறுத்திய பிறகுதான் உள்ளே தலை போக வேண்டும்.

சாய்வு தீர்ந்தது. ஆனால் அந்த வேலையின்போது தொட்டிகளின் வடிகால் கம்பியை இழுத்தேன். காற்று முதலில் வந்து சேரும் ஈரத் தொட்டியிலிருந்து பாலும் டீயும் கலந்த நிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் கொட்டியது. கம்ப்ரசரை மாற்றத்தான் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

பஸ் பணிமனையில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். நண்பரே, கம்ப்ரசரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.

காற்றை அழுத்தினால் சூடாகும். அது குளிரும்போது அதிலிருந்த ஈரம் தண்ணீராக விழும். அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் ஏர் டிரையருக்குள் இருக்கும் மணிகளின் வேலை. கவர்னர் கம்ப்ரசரை நிறுத்தும் நொடியில் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும் அல்லவா? பிடித்து வைத்த ஈரத்தை டிரையர் அப்போதுதான் வெளியே தள்ளுகிறது. அந்த ஓசை கேட்காமல் போனாலும், நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் டிரையரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த மணிகள் அடங்கிய கேட்ரிட்ஜை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பழைய வண்டியை வாங்கியவர், முந்தையவர் எப்போது மாற்றினார் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சஸ்பென்ஷன் பல மாதங்களாகக் கசிந்திருக்கிறது. கசியும் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடியிருக்கும். ஓய்வில்லாத கம்ப்ரசர் சூடேறி, எண்ணெயைக் காற்றோடு சேர்த்து அனுப்பும். கசிவை அடைத்துவிட்டீர்கள், கேட்ரிட்ஜை மாற்றி, தொட்டிகளை நன்றாக வடித்துவிட்டு, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் பாருங்கள். வடிகாலுக்குக் கீழே வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்தால் வருவது நீரா எண்ணெயா என்பது ஐயமில்லாமல் தெரியும்.

கம்ப்ரசரிலிருந்து டிரையருக்குப் போகும் குழாயையும் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் கருகி உட்புறத்தில் கரியாகப் படியும். பென்சில் நுழையும் அளவுக்குத் துவாரம் சுருங்கிப்போன குழாய்களை நான் கையில் எடுத்திருக்கிறேன். அது அடைக்க அடைக்கக் கம்ப்ரசர் இன்னும் சூடாகும். இன்னும் எண்ணெய் வரும்.

ஈரத் தொட்டி போக, பிரேக்குக்கு முன், பின் என இரட்டைத் தொட்டி உள்ள அமைப்பில், என்ஜின் ஓடும் வேகத்தில் 85-இலிருந்து 100 பிஎஸ்ஐ ஏறுவதற்கு 45 நொடிகளுக்கு மேல் ஆகக் கூடாது. அதற்குள் ஏறினால் உங்கள் கம்ப்ரசருக்கு இன்னும் வலு இருக்கிறது.

மறுமொழி 2

நானும் என் கணவரும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மோட்டார் ஹோமில் பயணம் போகிறோம். எங்கள் வண்டியில் ரேடியேட்டர் என்ஜினுக்கும் பின்னால், வண்டியின் வால்பகுதியில் இருக்கிறது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கினால் வெப்பமானி ஊசி மெல்ல மெல்லச் சிவப்பை நோக்கிப் போகும். ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டியிருக்கும்.

தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். தண்ணீர் பம்பையும் மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக், மாற்றினோம். பின்கதவைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருந்தது. ஆகவே அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அழுக்கு சேர்வது என்ஜினைப் பார்க்கும் பக்கத்தில். பின்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது அதன் மறுபக்கம்.

ஒருநாள் படுக்கைக்கு அடியில் இருக்கும் என்ஜின் மூடியைத் திறந்து, கைவிளக்கோடு விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். தகடுகள் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தன. காரணம், என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து ஆவி வெளியேறும் குழாய். அதன் வாய் விசிறிக்குச் சற்று முன்னால் முடிந்தது. அதில் வரும் எண்ணெய்த் துளிகளை விசிறி அள்ளி ரேடியேட்டர் மேலும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலர் மேலும் அப்பிவிடுகிறது. சாலைத் தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது.

என்ஜின் குளிர்ந்திருந்தபோது, என்ஜின் பக்கமிருந்து எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, தோட்டத்துக் குழாய் நீரால் மெல்லக் கழுவினோம். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் போகும் வழி நிரந்தரமாக அடைபட்டுவிடும். ஐந்து முறை கழுவிய பிறகுதான் ஓடி விழுந்த நீர் தெளிந்தது. பிறகு அந்தக் குழாயோடு ஒரு நீட்டுக் குழாயைச் சேர்த்து, வாயை விசிறிக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனோம். வாயை அடைத்துவிடக் கூடாது. உள்ளே அழுத்தம் கூடி சீல்கள் பிதுங்கும்.

அதே மலைப்பாதையில் அடுத்த முறை ஊசி நடுவைத் தாண்டவில்லை. ஏற்றத்தில் வேகம் குறைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். என்ஜின் சுழற்சி கூடும்போது விசிறியும் பம்பும் வேகமாகச் சுற்றும். ஆக்சிலரேட்டரை அவ்வளவு ஆழமாக மிதிக்க வேண்டியதுமில்லை.

மறுமொழி 3

என் கதை டீசல் தொட்டியில் நடந்தது. எட்டு மாதம் வண்டியை எடுக்கவில்லை. கிளப்பியதும் ஓடியது, அரை மணி நேரத்தில் திணறி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் கூழ். தொட்டியின் அடியில் தங்கும் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் வளரும். தண்ணீர் இல்லாவிட்டால் அவை வாழ முடியாது. நான் கால் தொட்டி டீசலோடு நிறுத்தியிருந்தேன். மீதி இடத்திலிருந்த காற்றின் ஈரம் இரவுக் குளிரில் சுவர்களில் வியர்த்து உள்ளே இறங்கியிருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி ஊற்றினேன், செத்தவை எல்லாம் மிதந்து வந்து அடுத்தடுத்து மூன்று ஃபில்டர்களை அடைத்தன. கடைசியில் தொட்டியைக் காலி செய்து கழுவியதுதான் தீர்வு.

இப்போது நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் தொட்டியை நிரப்பிவிடுகிறேன். நீர்பிரிப்பானின் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு மாற்று ஃபில்டர்கள் எப்போதும் வண்டியில் இருக்கின்றன.

நிறுத்தி வைத்த இடத்திலேயே பத்து நிமிடம் என்ஜினை ஓட்டி அணைப்பதை நான் விட்டுவிட்டேன். என்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் எண்ணெயில் ஈரம் சேர்வதுதான் மிச்சம். மாதம் ஒரு முறை சாலையில் இறக்கிப் பாரத்தோடு அரை மணி நேரமாவது ஓட்டுகிறேன். எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை என்ஜின் ஆயிலை மாற்றுகிறேன்.

மறுமொழி 4

சுருக்கமாக ஒன்று. இறக்கத்தில் போகும்போது என் வண்டியின் காற்று ஹோஸ் வெடித்தது. 60 பிஎஸ்ஐ-யை நெருங்கியதும் எச்சரிக்கை ஒலித்தது. உடனே ஓரம் கட்டினேன். இன்னும் இறங்கினால், 20-க்கும் 45-க்கும் இடையில் எங்கோ, காற்று குறைந்தால் ஸ்பிரிங் விசையால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாக விழுந்து சக்கரங்களை இறுக்கிவிடும். அதற்கு முன்பே நாம் நல்ல இடத்தில் நின்றுவிட வேண்டும்.

உதவிக்கு வந்த ஒருவர், வண்டியை நகர்த்துவதற்காகப் அந்த ஸ்பிரிங் அடங்கிய பின் சக்கர பிரேக் சேம்பரின் வளையப் பட்டையைக் கழற்றப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் உயிர் போய்விடும். அந்தப் பட்டையை யாரும் தொடக் கூடாது. ஸ்பிரிங்கை அடக்குவதற்கென்றே தனி போல்ட் இருக்கிறது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, அந்த போல்ட்டைச் செருகி முறுக்கித்தான் பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

மறுமொழி 5

முதலில் எழுதியவன் மீண்டும் வந்திருக்கிறேன். பணிமனை ஐயா சொன்னபடியே எல்லாம் செய்தேன். கேட்ரிட்ஜைக் கழற்றியபோது உள்ளிருந்த மணிகள் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தன. கம்ப்ரசர் குழாயின் உட்புறத்தில் பாதிக்கு மேல் கரி. சுரண்டிப் பார்த்து முடியாமல் புதிதாகவே போட்டுவிட்டேன். 85-இலிருந்து 100 ஏற இப்போது 31 நொடி ஆகிறது.

மறுமொழி 2-இல் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நானும் கைவிளக்கோடு விசிறிக்குள் பார்த்தேன். அங்கேயும் கம்பளிதான். அடுத்த வாரம் கழுவப் போகிறேன். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் சோதனைத் தாளில் நனைத்துப் பார்த்தேன். அதில் லைனரைக் காப்பதற்காகக் கலக்கும் சேர்மத்தின் அளவு மிகக் குறைந்திருந்தது. என் என்ஜினில் கூலன்ட், சிலிண்டரின் உள்ளுறையான லைனரை நேராகத் தொடுகிறது. லைனர் அதிரும்போது குமிழிகள் உண்டாகி, உடைந்து, இரும்பில் ஊசிக்குத்துபோல் குழி பறிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

நேற்றோடு 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரவில் 125-இல் நிறுத்திய வண்டி, காலையில் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது. வெள்ளைத் துணியைக் கீழே பிடித்துக்கொண்டு மூன்று தொட்டிகளின் கம்பிகளையும் ஒவ்வொன்றாக இழுத்தேன். ஈரத் தொட்டியில் மட்டும் காசளவு எண்ணெய்க் கறை. மற்ற இரண்டிலும் காற்று மட்டும்தான் வந்தது.