ஊர்ல பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிற அக்காவுக்கு எப்படி மரியாதை செய்யலாம்?

வந்தவாசிப் பொண்ணு (குரோம்பேட்டை):
சென்னையில வேலை பார்க்கிற எங்க ஊர்க்காரங்க எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கோம். வர்ற பொங்கலுக்கு ஊர்ல ஒரு அக்காவை கௌரவிக்கணும்னு பேச்சு ஓடுது. 2021-ல, கொரோனாவால விட்டுப்போன பாடத்தை ஊர்லயே சொல்லிக் கொடுக்க அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா சேர்ந்தவங்க. அப்ப ஊக்கத்தொகை மாசம் 1000 ரூபாய். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம்னுதான் திட்டம். ஆனா இருட்டின பிறகும் அவங்க திண்ணையில பிள்ளைங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

எட்டாவது பிள்ளைங்களை என்.எம்.எம்.எஸ்.ங்கிற உதவித்தொகைத் தேர்வுக்கும் அவங்களே தயார் பண்றாங்க. அதுல செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய் வரும். எங்க ஊர்ல அந்தப் பணம் இருந்தா ஒரு பொண்ணை "படிச்சது போதும்"னு நிறுத்த மாட்டாங்க. பழைய வினாத்தாளை பஸ் ஏறிப் போய் சொந்தக் காசுல ஜெராக்ஸ் எடுத்துட்டு வருவாங்க. பின்பக்கம் காலியா இருக்குமில்ல, அதுலதான் பிள்ளைங்க கணக்கு போட்டுப் பார்க்கும்.

குரூப்ல பாதிப் பேர், தி.நகர்ல ஹால் எடுத்து அவங்களை வரவழைச்சு சால்வை, கேடயம் கொடுக்கலாம்ங்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல. என்ன செய்யலாம்?

அம்பத்தூர் தோழர்:
அவங்களுக்கு 35 வயசுக்குள்ளயா? முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு விண்ணப்பிக்க வைங்க. 15-லிருந்து 35 வயசு வரைக்கும். சுதந்திர தினத்தன்னிக்கு மூணு ஆண், மூணு பெண்ணுக்குக் கொடுக்கிறாங்க. ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், சான்றிதழ். அரசு வேலையில இருக்கிறவங்களுக்குக் கிடையாது. சேவை செஞ்சதுக்கு ஆதாரம் கேட்பாங்க. தனக்குன்னு அதையெல்லாம் அவங்க சேர்த்து வச்சிருக்க மாட்டாங்க. போட்டோ, பிள்ளைங்க பட்டியல், தலைமை ஆசிரியர் கடிதம் எல்லாத்தையும் நீங்க உட்கார்ந்து தொகுத்துக் கொடுங்க.

வாலிபால் அண்ணன் (தாம்பரம்):
தங்கச்சி, தி.நகர் வேண்டவே வேண்டாம். சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க ஊர்ப் பசங்களுக்கு வாலிபால் சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன். ஒரு அமைப்புக்காரங்க இங்க கூப்பிட்டு கேடயம் கொடுத்தாங்க. காலையில இருந்து உட்கார வச்சு, விருந்தினர் எல்லாம் பேசி முடிச்சு, என் பேரைக் கூப்பிடும்போது ஹால்ல பாதி நாற்காலி காலி. ஊருக்குத் திரும்பினா ஒருத்தருக்கும் விஷயம் தெரியல.

அப்புறம் ஒரு காணும் பொங்கலுக்கு, என்கிட்ட விளையாடி போலீஸ் வேலைக்குப் போன பையன் எங்க ஊர் மேடையில மைக்கைப் பிடிச்சு, "அண்ணன் விடியக்காலையில வந்து கதவைத் தட்டலைன்னா நான் ஓடியே இருக்க மாட்டேன்"னான். எங்கப்பா முன்னாடி உட்கார்ந்திருந்தார். "வேலைவெட்டி இல்லாம பந்து அடிக்கிறான்"னு என்னைத் திட்டிட்டே இருந்த மனுஷன். மறுநாள் மைதானத்து முள்ளை வெட்ட அவரே அரிவாளை எடுத்துட்டு வந்தார்.

அதனால விழாவை ஊர்லயே வைங்க. அக்காவோட வீட்டுக்காரரையும் மாமியாரையும் முன் வரிசையில உட்கார வைங்க. பெண்கள் இந்த வேலை செய்றப்ப வீட்டுல எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பாங்கன்னு யாரும் கேட்கிறதில்ல. பெரிய மனுஷங்க பேச்சைக் குறைச்சுக்குங்க. அவங்ககிட்ட படிச்சு இன்னிக்கு காலேஜ் போற பொண்ணு பேசட்டும்.

ஓய்வு பெற்ற டீச்சர் (மேடவாக்கம்):
தம்பி சொல்றதுதான் சரி. இன்னொண்ணு, அவங்க போற ஜெராக்ஸ் கடையில உங்க குரூப் பேர்ல மாசக் கணக்கு வச்சிடுங்கம்மா. ஒன்பதாவது படிக்கிற கிராமத்துப் பிள்ளைங்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வுன்னு ஒரு உதவித்தொகைத் தேர்வு இருக்கு. மாவட்டத்துக்கு 50 பையன், 50 பொண்ணுன்னு எடுப்பாங்க. அந்த வினாத்தாளையும் சேர்த்துக்கச் சொல்லுங்க.

வந்தவாசிப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காணும் பொங்கலன்னிக்கு ஊர்லயேன்னு குரூப்ல பேசி முடிச்சாச்சு. ஹாலுக்கு வச்சிருந்த பணம் ஜெராக்ஸ் கடைக்குப் போகுது. அண்ணா, மாமியாரை அழைக்க நானே நேர்ல போறேன். அக்காவுக்கு இன்னும் 35 ஆகல. தலைமை ஆசிரியர்கிட்ட கடிதம் கேட்டிருக்கேன். அம்பத்தூர் தோழர், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கேன், விண்ணப்பத்தை ஒருதடவை பார்த்துக் கொடுங்க.