பல வருசம் கழித்து மறுபடி பைக் எடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மானூர்க்காரன்:
காலேஜ் நாளில் ஸ்பிளெண்டர். அப்புறம் சவூதி, கல்யாணம், கார், பைக் பக்கமே போகவில்லை. போன தை மாசம் ஒரு 150 சிசி வண்டி வாங்கினேன். ஸ்பிளெண்டரில் எல்லாக் கியரும் கீழே மிதிக்கிறது, இதில் ஒன்று கீழே மீதி மேலே, அது சீக்கிரமே பழகிவிட்டது, அதை விடுங்க. மானூர் தாண்டி சங்கரன்கோவில் ரோட்டில் ஒரு வளைவு, திரும்பினால் ரோடு முழுக்க உளுந்துச் செடி. நம்ம பக்கம் தெரியும்தானே, பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் நெற்று வெடிக்கும், சாயங்காலம் தூற்றி அள்ளுவார்கள். காரில் போகும்போது அது வெறும் சரசரப்பு. பைக்கில் முன்சக்கரம் ஏறியதுமே ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்கவில்லை, செடிக்கு அடியில் உதிர்ந்து கிடந்த உளுந்து அப்படியே உருளுது. விரல் பிரேக் லிவரில் பட்டுவிட்டது. ஓரத்தில் சுளகோடு நின்ற ஒரு பெரியவர், "பிடிக்காதய்யா! பிடிக்காத! சும்மா வா!" என்று போட்டார் ஒரு சத்தம். விரலை எடுத்தேன். வண்டி வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு தார் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் பெரியவர் குனிந்து புடைத்துக்கொண்டிருக்கிறார், என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. எத்தனை பேர் விழுந்ததைப் பார்த்து அந்த வார்த்தையைப் பிடித்தாரோ, ராத்திரி படுத்தால் அதுதான் ஓடுது.

பேட்டைத் தம்பி:
அந்தப் பெரியவரைக் கும்பிட்டு எழுதுறீங்களே அண்ணாச்சி, ரோட்டில் காயப் போட்டதே அவர்தானே? எங்க சித்தப்பா இதே மாதிரி ரோட்டில் காயப் போட்ட நெல்லுக்குச் சுற்றிலும் வைத்த கல்லில் ராத்திரி ஏறி விழுந்து தோள்பட்டை இறங்கிப்போச்சு. நெல்லை அள்ளினவர்கள் கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

டூல்ஸ் பெட்டி:
நானும் திரும்பி வந்தவன்தான், பாளையங்கோட்டைக்குள்ளேயே ஓட்டுவதால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் சிலது சொல்லியே ஆகணும். "ஏபிஎஸ் இருக்கே, பிரேக் பிடித்திருக்கலாமே" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், சக்கரம் பூட்டாமல் பார்ப்பதுதான் அதன் வேலை, உதிரியாகக் கிடக்கிற தரையில் நிற்கிற தூரம் கூடத்தான் செய்யும், போதாததற்கு 150 சிசி வண்டிகள் பலதில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். அடுத்து டயர். பழைய வண்டியைத் தூசி தட்டி எடுக்கிறவர்கள் டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், பாருங்க. 2316 என்றால் 2016இல் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும், முதல் மழையில் தெரியும். கார்புரேட்டர் வண்டி என்றால் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் கிக்கர் மேல் கால் வைக்கணும். லைசென்சையும் எடுத்துப் பாருங்க, காலாவதியாகி ஒரு வருசம் தாண்டியிருந்தால் வெறும் புதுப்பிப்பு நடக்காது, மறுபடி போய் எட்டு போட்டுக் காட்டணும். தலைக்கவசம் பழசு என்றால் உள்ளே இருக்கிற தெர்மாகோலை விரலால் அழுத்திப் பாருங்க, பொடி உதிர்ந்தால் தூக்கிப் போடுங்க. இன்னும் இருக்கு, கேட்டால் எழுதுகிறேன்.

வள்ளியூர் காற்று:
யாரும் கேட்கவில்லை அண்ணாச்சி. டயரில் தேதி பார்த்துவிட்டு ஆடி மாசம் பணகுடி நாலுவழிச் சாலைக்கு வாங்க, ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று உங்களுக்குப் பாடம் எடுக்கும். நாகர்கோவில் போகும்போது அது வலது கைப்பக்கம் அடிக்கும், அதனால் வண்டியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தபடிதான் நேராகப் போக முடியும். அதுவும் பழகிவிடும். அன்றைக்கு ஒரு கண்டெய்னர் லாரி என்னை முந்தியது. அது பக்கத்தில் வந்ததும் காற்று பட்டென்று நின்றுபோச்சு, ஆனால் நான் சாய்ந்தபடியேதானே இருக்கிறேன், வண்டி என்னைக் கொண்டு லாரிப் பக்கம் போகுது. பின்சக்கரத்து நட்டுகளில் ஒன்று இல்லை, அந்த ஓட்டையைச் சுற்றித் துரு, அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். லாரி தாண்டினதும் காற்று மறுபடி வந்து இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. முன்னெல்லாம் இதே ரோட்டில் ஆர்எக்ஸ் 100இல் மூன்று பேர் பறப்போம். அப்போதும் இதே காற்றுதான் அடித்திருக்கும், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அம்பை மைனி:
ஸ்கூட்டர்க்காரி எழுதலாமா? கல்யாணத்துக்கு முன்னால் டிவிஎஸ் 50, இப்போது பிள்ளைகள் வெளியூர் போனபிறகு மறுபடி வண்டி. பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட்டை அமுக்குகிறேன், அமுக்குகிறேன், உயிரே வரவில்லை. பின்னால் ஆரன் சத்தம். ஒரு சின்னப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, சைடு ஸ்டாண்டை எடுங்க, இப்ப வர்ற வண்டியெல்லாம் அதை எடுத்தாதான் ஸ்டார்ட் ஆகும்" என்கிறான். ஸ்டாண்டு போகட்டும், ஆச்சியாம்! வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்தேன். அவனுடைய அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும்.

வலதுகால் கியர்:
மைனி, என் கதையைக் கேட்டால் ஆறுதலாக இருக்கும். அப்பாவின் பழைய புல்லட்டைத் தூசி தட்டி எடுத்தேன், கியர் வலது காலில், பிரேக் இடது காலில், ஒன்று மேலே மூன்று கீழே. இடைப்பட்ட காலத்தில் நான் தொட்டதெல்லாம் அலுவலக ஸ்கூட்டரும் மாப்பிள்ளையின் பல்சரும். கிக் அடிக்கிறது மட்டும் மறக்கவில்லை, இன்ஜின் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, கரண்டு காட்டுகிற ஆம்மீட்டர் முள் நடுவில் வரும்வரை மெதுவாக மிதித்து, அப்புறம் ஒரே உதை, சரியாக எடுத்துக்கொண்டது. கருங்குளம் பக்கம் ஒரு வெள்ளாடு பொத்தென்று குறுக்கே விழுந்தது. வலது காலால் அழுத்தி மிதித்தால் வண்டி நிற்காமல் மூன்றாவது கியரிலிருந்து நாலுக்குப் போகுது. முன்பிரேக் பழைய டிரம், பிடித்தால் யோசித்துத்தான் பிடிக்கும். ஆடு அதுவாகத் துள்ளி ஓடியது. ஆட்டுக்காரர் தொரட்டியோடு வருகிறார், சரி, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இறங்கி நின்றேன். அவர் ஆட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், கியர் லிவரைத் தொட்டுப் பார்த்தார், "குடுக்கிறதா இருந்தா எங்கிட்ட சொல்லணும், வேற யாருக்கும் குடுத்திராதீங்க" என்று நம்பரும் சொல்லி எழுத வைத்தார். போன வாரம் அவரே கூப்பிட்டு ஒரு விலை கேட்டார், பரவாயில்லாத விலைதான்.